புக்கிட் பூத்துஸில் நாற்பது

பகாவிலிருந்து சிரம்பானுக்கு.
கண் ஆஸ்பத்திரி, ஒன்பதரை மணி.
ஏழுக்கே காடியை வெளியே எடுத்துவிட்டேன்,
இடப்பக்கக் கண்ணாடியை
நைலான் கயிற்றால் கட்டிய வெள்ளைக் கஞ்சில்.

முன்சீட்டில் எண்பத்தாறின் சாம்பியன்.
பத்து தீகாவில் கடைசிச் சுற்றில் மழை பிடிக்க,
துடைப்பான் உடைந்த டட்சனில்
தலையை வெளியே நீட்டி ஓட்டி வென்ற சன்னாசி.
இப்போது சக்கரை வியாதி
இரண்டு கண்ணையும் ஓரத்திலிருந்து தின்றுவருகிறது.

பின்சீட்டில் பதினேழின் சாம்பியன், யுகேந்திரன்.
சிப்பாங்கில் போன மாதம் சுவரில் மோதியவன்.
மணிக்கட்டுக்குள் மூன்று ஆணி.
மாவுக்கட்டின் மேல் பட்டறைச் சீனப்பையன்
பேனாவால் ஒரு டயர் வரைந்திருக்கிறான்,
காற்றுப்போன டயர்.

நான் நான்கு முறை தோற்று
ஐந்தாம் முறை லைசன்ஸ் எடுத்தவள்.
நாலு முறையும் அந்த மேடுதான்,
நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளும்.
தேறிய அன்று சொன்னேன்.
"ம்" என்றார் இவர், கார்ப்புரேட்டரைப் பார்த்தபடி.

அப்பன் வேகமா, மகன் வேகமா?
ஊர் அடித்துக்கொள்ளும் கேள்வி.
ஆ சோங் கொப்பிக்கடையில், மைலோ டின்னுக்குள்,
முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி பந்தயப் பணம்.
செம்பனை லோரி ரெங்கனுடையது மட்டும் ஐம்பது, அப்பன் பக்கம்.
ஒரே பாதையில் ஒரே நாளில்
இவர்கள் ஓட்டியதே இல்லை.
டின்னைத் திறக்க ஆளில்லை.

புது ரோட்டில் லோரி கவிழ்ந்து கிடக்கிறதாம்.
பழைய ரோட்டில் ஏறினேன்.
மூங்கில், ஈரம், வளைவு மேல் வளைவு.
நாற்பதில் போனேன்.

முதல் வளைவில் முதுகில் ஓர் இடி.
மகனின் முட்டி என் சீட்டில்.
இல்லாத பிரேக்கை மிதிக்கிறான்.
ஒரு மூங்கில் புதர் தாண்டி
இவர் வலது கால் தரையை அழுத்துகிறது.

இரண்டாவதிலும் அப்படியே.
மூன்றாவதிலும்.
முட்டி முதலில், பிறகுதான் கால்.

இத்தனை வருஷம் டயரும் வேர்வையும் துவைத்தவளுக்குத்
தெரியாதா என்ன:
பிந்தி மிதிப்பவன்தான் முந்தி வருவான்.
மைலோ டின்னின் விடை
என் முதுகிலும் இடது பக்கத்திலும் இருக்கிறது.
ஆ சோங்கிடம் சொல்லலாம்.
ரெங்கன் குதிப்பான்.

ஆனால் பிந்துவது துணிச்சலா,
வளைவு கண்ணுக்கு எட்டவே அவ்வளவு நேரம் ஆகிறதா?
கேட்கவில்லை.
அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஏழாவது வளைவு. முட்டி இடித்தது.
புதர் தாண்டியது.
அடுத்ததும் தாண்டியது.
இவர் கால் அசையவில்லை.
முகம் நேராக, தூங்காமல்,
எதிரே ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு.

காடிக்குள் கொஞ்ச நேரம்
எஞ்சின் மட்டும் பேசியது.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்,
பொதுவாகச் சொல்வதுபோல்:
"இடது. நீளம். உள்பக்கம் சறுக்கும்."
கால் அழுந்தியது.
"வலது, குறுகல். எதிரே பஸ்."
கால் அழுந்தியது.
"மூணாவது கியர் போதும்" என்றார் இவர்,
மகனிடமா என்னிடமா தெரியவில்லை.
நான் மூன்றில்தான் இருந்தேன்.

இறக்கத்தில் பின்னால் ஹோன்.
விடாமல், அவசரமாக, கேலியாக.
ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன்.
பழக்குலைகள் குலுங்க எங்களைத் தாண்டிப் போனது
ஒரு பழைய லோரி.
ஜன்னலில் தலை நீட்டி எட்டிப் பார்த்தான் ரெங்கன்.

இரண்டு சாம்பியன்களும்
ஒரே நொடியில்
சீட்டுக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார்கள்.